கதவுக்கு ஒரு கட்டம்

மே 6, திங்கள்

ஒரகடத்தில் வேலை என்று சொன்னால் எல்லோரும் கார் கம்பெனியா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். டாங்கி என்றால் பேச்சு நீளும்.

முழு டாங்கியை நாங்கள் செய்வதில்லை. பீரங்கி பொருத்திய, சுழலும் மேல்பகுதியைக் கோபுரம் என்கிறோம். அதன் உள்ளறை மட்டும்தான் எங்கள் பொறுப்பு. அங்கே மூன்று பேர் உட்கார வேண்டும்: கமாண்டர், குறிபார்த்துச் சுடும் கன்னர், குண்டை எடுத்துப் பீரங்கிக்குள் போடும் லோடர். அவர்களுடைய கையும் காலும் எங்கே எட்டும், எங்கே எட்டாது என்று அளப்பது என் வேலை. சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஜூனில் நிரந்தரமாக்குவார்கள்.

நாளை முதல் சோதனை. மூன்றாம் எண் கொட்டகையில் கோபுரத்தின் முழு அளவு மாதிரி தயாராக இருக்கிறது. ராணுவத்திலிருந்து ஒரு குழு வந்து இறங்கியிருக்கிறது. லோடர் ஒரு குண்டைப் போட எத்தனை விநாடி எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஏழு விநாடிக்குள் என்பது நிபந்தனை. அதற்குள் வந்தால் எங்கள் வடிவமைப்பு அப்படியே உற்பத்திக்குப் போகும்.

சோதனைப் படிவம் நானே தயாரித்தது. ஆறு கட்டங்கள்: வரிசை எண், குண்டின் வகை, கட்டளை நேரம், முடிந்த நேரம், வித்தியாசம், குறிப்பு. எங்கள் பிரிவுத் தலைவர் பத்மநாபன் சார் பார்த்துவிட்டு, "க்ளீனா இருக்கும்மா கோதை" என்றார். அவர் எதையும் சுலபமாகப் பாராட்டுகிறவர் அல்ல.

மே 7, செவ்வாய்

முதல் நாள். நாற்பது குண்டுகள், காலை இருபது, மாலை இருபது. எல்லாம் மருந்து இல்லாத பயிற்சிக் குண்டுகள். எடை மட்டும் நிஜம். ஒவ்வொன்றும் இருபத்திரண்டு கிலோ.

லோடர் பெயர் பரசுராமன். ஆரணிப் பக்கம். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கமாண்டர் செல்லையா, டாங்கிப் படையில் ரிசால்தார் பதவி, நாகர்கோவில்காரர், மீசை நரைத்தவர். கன்னர் டென்சிங்கும் அவர் ஊர்தான். அதிகம் பேசுவதில்லை.

நான் கோபுரத்தின் மேல் திறப்பருகே பலகை போட்டு நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததை எனக்கே புரியும்படி எழுதி வைக்கிறேன்.

குண்டுகள் ஆட்களோடு இருப்பதில்லை. கோபுரத்தின் பின்பக்கம் தனி அறையில் அடுக்கியிருக்கின்றன. இரண்டு அறைக்கும் நடுவில் தடித்த இரும்புக் கதவு, பக்கவாட்டில் நகர்வது. லோடர் வலது முழங்காலால் ஒரு தகட்டை அழுத்தினால் கதவு திறக்கும். குண்டை உருவி எடுத்து, முழங்காலை விட்டால் மூடிக்கொள்ளும். பிறகு அவர் குண்டைத் திருப்பி, பீரங்கியின் பின்வாயில் வைத்து, மூடிய முஷ்டியால் உள்ளே தள்ள வேண்டும். விரல் நீட்டித் தள்ளினால் பின்வாயின் அடைப்பு மேலெழுந்து மூடும்போது விரல் போய்விடும். தள்ளிவிட்டு, சுவரோடு ஒதுங்கி, "லோடட்!" என்று கத்த வேண்டும்.

கதவு எதற்கு என்றால், எதிரியின் குண்டு அந்தப் பின்னறையில் பட்டால் உள்ளே இருப்பதெல்லாம் பற்றிக்கொள்ளும். அந்த அறையின் கூரைத் தகடுகள் வேண்டுமென்றே பலவீனமாகப் பொருத்தப்பட்டவை. அவை பிய்த்துக்கொண்டு பறக்க, நெருப்பு வானத்தைப் பார்த்துப் போய்விடும். மூன்று பேரும் பிழைப்பார்கள், கதவு மூடியிருந்தால். வேறு சில டாங்கிகளில் எந்திரமே குண்டை எடுத்துப் போடும். லோடரே தேவையில்லை. ஆனால் குண்டுகள் ஆட்களின் காலடியில் வட்டமாக அடுக்கியிருக்கும். பற்றினால் கோபுரமே தனியாகப் பறக்கும். படங்கள் பார்த்திருக்கிறேன்.

நிஜ டாங்கியில் கதவு திறந்திருந்தால் கமாண்டர் எதிரில் சிவப்பு விளக்கு எரியும். எங்கள் மாதிரியில் அந்த இணைப்பு இன்னும் கொடுக்கவில்லை.

சராசரி 8.4 விநாடி. கதவு ஒவ்வொரு முறை மூடும்போதும் "டொம்" என்று கொட்டகையே அதிர்கிறது. ஹெட்செட் வழியாகக் கேட்டால் மண்டைக்குள் அடிப்பதுபோல் இருக்கிறது. நாற்பது டொம். அறைக்கு வந்து தலைவலி மாத்திரை போட்டேன்.

மே 8, புதன்

8.2. வெயில் நாற்பத்தொன்று. மேலே நின்றிருந்தபோது ஒரு தரம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிடித்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

தேநீர் வேளையில் ரிசால்தார், "லேய் பரசு, எட்டு செகண்டுல எதிரி ஒரு சாயா குடிச்சிட்டுல்லா அடிப்பான்" என்றார்.

"நம்ம கதவு தொறக்கங்காட்டியும் அவன் ரெண்டு குடிப்பான் சார்."

"கதவக் குறை சொல்லாதடே. மேடம் கம்பெனிக் கதவு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பரசுராமன் தம்ளரை இடது கையில் வாங்கினார். இடதுகைப் பழக்கம் என்று குறித்துக்கொண்டேன். அது வடிவமைப்புக்குப் பயன்படும் தகவல். என் அழிப்பானைப் பார்த்து, "இன்னா மேடம், எலி கடிச்ச மாதிரி கீது?" என்று கேட்டார். யோசிக்கும்போது கடிக்கும் பழக்கம் எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து இருக்கிறது. சொல்லவில்லை. எலிதான் என்றேன்.

மே 9, வியாழன்

காலையில் போனபோது என் மேசை கீழே, காற்றாடி அருகே போடப்பட்டிருந்தது. பரசுராமன் வேலை.

"மேல நின்னுனு இருந்தா தலைய சுத்தும் மேடம். நேத்து பாத்தன். கீழ உக்காருங்க, எல்லாந்தான் ஹெட்செட்டுல கேக்குதே."

உண்மைதான். கட்டளையும் "லோடட்"டும் காதில் விழுந்தால் போதும், நேரம் குறித்துவிடலாம். உள்ளே கேமராவும் இருக்கிறது. அது பீரங்கியின் பின்வாயை மட்டும் பார்க்கிறது. அதுதான் தேவை.

6.3! ஒரே நாளில் இரண்டு விநாடி குறைந்திருக்கிறது. பழக்கம் என்பது எவ்வளவு பெரிய விஷயம். இன்று தலைவலியும் இல்லை. அமைதியான, நல்ல நாள்.

அழிப்பானைக் காணவில்லை. பென்சிலால் அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

மே 10, வெள்ளி

6.1. புது அழிப்பான் வாங்கினேன். ஆரஞ்சு வாசனை, கடிக்கப் பிடிக்கவில்லை.

மே 11, சனி

பத்மநாபன் சார் கொட்டகைக்கே வந்துவிட்டார். என் படிவங்களைப் புரட்டி, எண்களின் மேல் விரலை ஓட்டினார்.

"ஆறு புள்ளி ஒண்ணு! எப்படிம்மா?"

"பழகிட்டாங்க சார்."

"இருபத்துநாலாம் தேதி கமிட்டி. ரிப்போர்ட்ட நீயே எழுது. உன் பேர்லயே போகட்டும்."

என் பெயரில். எட்டு மாதத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை இங்கே கேட்டதில்லை. வரும் வழியில் படப்பை பேருந்து நிலையத்தில் இறங்கி, தேவையில்லாமல் ஒரு பேனா வாங்கினேன்.

மே 12, ஞாயிறு

துணி துவைத்தேன். கொடியில் இடம் பிடிக்க விடுதியில் நடக்கும் போரை விவரிக்க இந்த நோட்டு போதாது.

நூலகத்தில் எடுத்த துருவப் பயண நூலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கப்பல் பனியில் சிக்கிக்கொண்டது. மாலுமிகள் தினமும் குறிப்பு எழுதுகிறார்கள். உணவு தீர்ந்துகொண்டே வருகிறது, ஆனால் எல்லோருடைய குறிப்பிலும் காற்றின் திசைதான் இருக்கிறது. பயப்படும் மனிதர்கள் அளக்க முடிந்ததை மட்டும் எழுதுகிறார்கள் போலும்.

அறைத்தோழி ஜெசிந்தா, செவிலி. நான் எழுதுவதைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டாள். "யாருடி அவன்?" என்றாள். "வானிலை" என்றேன். "நல்ல பேரு. என்ன வேலை பாக்குறான்?"

மே 14, செவ்வாய்

6.0. இதுவரை வந்ததில் மிகக் குறைவு.

பரசுராமன் மதியம் கோபுர நிழலில் உட்கார்ந்து வலது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டையை ஏற்றிக்கொண்டார்.

"வலிக்குதா?"

"தூங்கும்போது கை மடங்கிடுச்சு மேடம். ஒண்ணுமில்ல."

தைலத்தின் நெடி பத்தடிக்கு அடித்தது. ஒரு நாள் மடங்கிய கைக்கு யாரும் அரை டப்பா தைலம் தீர்ப்பதில்லை.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"டாக்டராண்ட போனா பேப்பர்ல எழுதிடுவாரு. எழுதிட்டா அப்பறம் ஸ்டோர்ல உக்கார வெச்சி போர்வை எண்ணச் சொல்லுவாங்க. பதினோரு வருசம் டாங்கில இருந்துட்டு போர்வை எண்றதா?" பிறகு, "இத நீங்க எழுதிக்க மாட்டீங்க இல்ல?" என்றார்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன். சிரித்தார்.

அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர் அல்ல. அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன்.

மே 15, புதன்

6.1.

ஜெசிந்தா இன்று கோபமாக வந்தாள். அவளுடைய வார்டில் ஆய்வுக்கு ஆள் வந்தார்களாம்.

"கை கழுவுற சார்ட் சுவத்துல ஒட்டியிருக்கு. ஒவ்வொரு ஷிப்டுக்கும் எல்லாரும் டிக் போட்டிருக்காங்க, டாக்டர் உள்பட. வந்தவரு ரொம்ப சந்தோஷப்பட்டாரு. சோப்பு மட்டும் ஒரு மாசமா தீரவே இல்ல. அத எவனாவது பாத்தானா?"

சிரித்தேன். பிறகு சாப்பிடப் போனோம். தோசை. சட்னியில் உப்பு இல்லை. ஜெசிந்தா பேசிக்கொண்டே இருந்தாள். சோப்பு என்ற சொல் மட்டும் தட்டிலேயே கிடந்தது.

மே 16, வியாழன்

எங்கள் கதவில் சோப்பு ஒன்று உண்டு. கதவின் மோட்டாருக்குப் பக்கத்தில், கோபுரத்துக்கு வெளியே, ஒரு சிறிய எண்ணி. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் எண் கூடும். எப்போது எண்ணெய் போட வேண்டும் என்று பராமரிப்பு ஆட்கள் பார்ப்பதற்காக வைத்தது.

சோதனை தொடங்குமுன் போய்ப் பார்த்தேன். எட்டு நாள், நாளுக்கு நாற்பது. முந்நூற்றிருபது இருக்க வேண்டும்.

தொண்ணூற்றிரண்டு.

முதல் இரண்டு நாளுக்கு எண்பது. மீதி ஆறு நாளுக்குப் பன்னிரண்டு. ஒரு நாளுக்கு இரண்டு. காலை இருபதுக்கு ஒருமுறை, மாலை இருபதுக்கு ஒருமுறை.

காலைச் சோதனை முழுக்கக் கீழே உட்கார்ந்து நேரம் குறித்தேன். இருபது முறை "லோடட்". ஒரு முறைகூட டொம் இல்லை. எல்லோரும் உணவுக்குப் போனதும் மேலே ஏறி, திறப்பு வழியாக முதல்முறையாக உள்ளே இறங்கினேன். லோடரின் இருக்கையில் உட்கார்ந்தேன். முழங்காலை வைக்கும் இடத்தில் தகடு பாதி அழுந்தியபடி நின்றிருந்தது. பக்கத்தில் முழங்கையளவு தூரத்தில் குண்டுகளின் வட்ட முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. கதவு முழுதாகத் திறந்திருந்தது. இன்றைக்கு எடுக்க மறந்திருக்கிறார்.

தகட்டின் இடுக்கில் விரல் விட்டேன். வெளியே வந்தது என் அழிப்பான். என் பல் பதிந்தது. இழுத்ததும் கதவு மூடியது. எட்டு நாளுக்குப் பிறகு என் காதில் அந்த டொம்.

சத்தம் கேட்டுப் பரசுராமன் ஓடி வந்தார். திறப்பிலிருந்து அவர் முகம் மட்டும் தெரிந்தது. நான் கையை விரித்துக் காட்டினேன்.

"எலி கொண்டுவந்து வெச்சிருக்குமா?"

அவர் அழிப்பானைப் பார்த்தார். "தோளு தாங்கல மேடம்" என்றார். "குண்ட உருவினு வரும்போதே முட்டிய எடுக்கணும். எடுத்தா ஒடம்பு திரும்புது, மொத்த வெயிட்டும் இந்தத் தோளுல ஏறுது. முட்டிய எடுக்கத் தேவையில்லன்னா நேரா திரும்பிடலாம்."

"கதவு எதுக்குன்னு தெரியும்ல?"

"லோடருக்குச் சொல்லித் தர்ற மொதப் பாடமே அதுதான்."

"அப்புறம்?"

"எட்டு செகண்டுன்னு போச்சுன்னா லோடர் சரியில்லன்னுதான் எழுதுவாங்க. கதவு சரியில்லன்னு எவன் எழுதப் போறான்?" பிறகு தாழ்ந்த குரலில், "உங்க நம்பரும் நல்லா வந்துச்சி. நீங்களும் சந்தோசமாதான இருந்தீங்க" என்றார்.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் அது உறைத்தது.

"நிஜ டாங்கில மூடுவீங்களா?" என்று கேட்டேன்.

"மூடுவன்."

"எதிரி சுட்டுக்கிட்டு இருக்கும்போது?"

கதவைப் பார்த்தார். "தெரியல மேடம். கை எதுக்குப் பழகிச்சோ அதத்தான் செய்யும்."

பிற்பகலும் இருபது குண்டுகள் போட்டார்கள். டொம் இல்லை. அழிப்பான் என் பையில் இருந்தது, வேறெதையோ வைத்திருப்பார். நேரங்களை எழுதிக்கொண்டேன். 6.2.

மே 17, வெள்ளி

உடம்பு சரியில்லை என்று விடுப்பு சொன்னேன். கப்பல் நூல் முடிந்தது. பாதிப் பேர் திரும்பினார்கள்.

மே 18, சனி

இன்றும் போகவில்லை. அறிக்கையை எப்படி எழுதலாம் என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். "பயிற்சியின் முன்னேற்றத்தால் நேரம் கணிசமாகக் குறைந்தது" என்பது மிக அழகாக வந்தது. ஒரு பொய் இவ்வளவு சீராக வாக்கியத்தில் உட்காரும் என்று நினைக்கவில்லை.

அந்த மனிதரிடம் ஏமாந்துவிட்டேன், அவ்வளவுதான், இதில் என் குற்றம் எதுவுமில்லை என்றும் எழுதலாம் என்று தோன்றியது. எந்தத் தேதியிலிருந்து என்று பார்க்க இந்த நோட்டைப் புரட்டினேன்.

மே 9: "இன்று தலைவலியும் இல்லை. அமைதியான, நல்ல நாள்."

சத்தம் நின்றது அன்றே என் காதுக்குத் தெரிந்திருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறேன். ஏன் நின்றது என்று கேட்காமல், நல்ல நாள் என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வாக்கியத்திலேயே அழிப்பானைக் காணவில்லை.

கதவுக்கென்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்திருந்தால் நான் மேலே ஏறிப் பார்த்திருப்பேன். அதை வைக்காதவள் நான். க்ளீனாக இருக்கிறது என்று சார் சொன்னபோது மகிழ்ந்தவளும் நான். பரசுராமன் ஒரு தகட்டை அடைத்தார். நான் ஒரு கட்டத்தை விட்டேன். எது பெரிது என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கதவோடு வண்டி வெளியே போனால், உள்ளே உட்காரப் போகிறவர் நான் அல்ல.

மே 20, திங்கள்

காலை ஒன்பது மணிக்கே பத்மநாபன் சார் அறைக்குப் போனேன். எண்ணி காட்டும் எண், எட்டு நாள் கணக்கு, அழிப்பான் எல்லாவற்றையும் மேசை மேல் வைத்தேன். சாருக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"அப்போ ஆறு புள்ளி ஒண்ணு?"

"கதவு திறந்திருந்தப்போ சார். மூடினா எட்டுக்கு மேல."

அவர் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார். "இன்னும் நாலு நாள்ல கமிட்டி. யார் வெச்சாங்க இத?"

"அழிப்பான் என்னுது சார்."

"நான் கேட்டது அது இல்ல."

"படிவமும் என்னுது. கதவு மூடிச்சான்னு கேக்க அதுல கட்டமே இல்ல. கேக்காததுக்கு யார் பதில் சொல்லுவாங்க?"

"கோதை, ஜூன்ல உன் கன்பர்மேஷன் வருது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

கதவு தட்டப்பட்டது. ரிசால்தார் செல்லையா. அவருக்குப் பின்னால் பரசுராமன், தொப்பியைக் கையில் பிடித்தபடி. நான் எவரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு நாள் நான் வராதது பரசுராமனுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

"நான்தான் வெச்சன் சார்" என்றார் பரசுராமன். "மேடத்துக்குத் தெரியாது."

"எட்டு நாள் இவன் பக்கத்துல உக்காந்திருந்தவன் நானு" என்றார் ரிசால்தார். "சத்தம் இல்லாதது எனக்குத் தெரியாமலா இருக்கும்? பய தோளப் பத்தி நெனச்சேன். தோளு ஒண்ணுதானே, உயிரு மூணுல்லா. அத நெனைக்கல. என் பேரையும் எழுதிக்கிடுங்க."

பத்மநாபன் சார் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். குற்றத்துக்கு ஆள் தேடியவருக்கு மூன்று பேர் கிடைத்தது தொந்தரவாகப் போயிற்று. கடைசியில் அழிப்பானை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "யாரு இத இப்படிக் கடிச்சது?"

"எலி சார்" என்றார் பரசுராமன். அவருக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. ரிசால்தார் இருமினார். சார் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு நாள்ல திரும்ப ஓட்ட முடியுமா?"

முடியும் என்றேன்.

மே 22, புதன்

புதிய படிவம். ஏழு கட்டங்கள், ஏழாவது கதவுக்கு. நான் மேலே, பலகையில். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன். ரிசால்தார் எங்கிருந்தோ ஒரு கறுப்புக் குடை கொண்டுவந்து கட்டிவிட்டார்.

நேற்றுப் பரசுராமன் பத்து குண்டு போட்டார், கதவு மூடி. 8.3. பதினொன்றாவதை எடுக்க விடவில்லை. இன்று டென்சிங்கை லோடர் இருக்கைக்கு மாற்றினோம். தோளில் எந்தக் கோளாறும் இல்லாதவர், தினமும் தண்டால் எடுப்பவர். நாற்பது குண்டுகள். 8.2.

இறங்கி வந்து வியர்வையைத் துடைத்தபடி டென்சிங் இந்த இரண்டு வாரத்தில் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியத்தைப் பேசினார்: "இது ஆளால இல்ல மேடம், அந்த முழங்கால் தகடு இருக்கிற எடத்தாலதான்."

அதை அப்படியே அறிக்கையில் சேர்த்தேன்.

மே 24, வெள்ளி

கமிட்டி. ஒன்பது பேர், நீள மேசை, மேரி பிஸ்கட். அறிக்கை என் பெயரில். முதல் பத்தி: "9ஆம் தேதி முதல் 16ஆம் தேதி வரையிலான அளவுகள் குண்டறைக் கதவு திறந்த நிலையில் எடுக்கப்பட்டவை, அவை ஏற்கத்தக்கவை அல்ல. கதவின் நிலையைப் பதிவு செய்யச் சோதனைப் படிவத்தில் இடம் இல்லாதது என் பிழை." இரண்டாம் பத்தியில் தகட்டின் இடம். ஒரு லோடரின் தோள் காயம் அதனால் மோசமானது என்று மூன்றாம் பத்தி. இதை எழுத அவரிடம் கேட்டேன். "எழுதுங்க, ஆனா தகட்டு மேல எழுதுங்க, என் மேல எழுதாதீங்க" என்றார்.

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கண்ணாடியை இறக்கி, "திஸ் இஸ் அன்யூஷுவல்" என்றார். புகழ்ந்தாரா, திட்டினாரா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. வடிவமைப்பு உற்பத்திக்குப் போகவில்லை. திரும்பி வந்தது.

என் நிரந்தரம் செப்டம்பருக்குத் தள்ளிப்போயிருக்கிறது. பத்மநாபன் சார் என்னிடம் வேலை தவிர வேறு பேசுவதில்லை. முன்பும் பேசியதில்லை என்பது சற்று ஆறுதல்.

மே 27, திங்கள்

ராணுவ மருத்துவர் பரசுராமனின் தோளைப் பார்த்திருக்கிறார். தசைநார் பாதி கிழிந்திருக்கிறதாம். ஆறு மாதம் எடை தூக்கக் கூடாது. அதன் பிறகு மீண்டும் பார்த்துத்தான் டாங்கியா ஸ்டோரா என்று முடிவு.

"போர்வையா?" என்று கேட்டேன்.

"போர்வதான். எண்ணிக்கினு இருக்கறன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள், "அந்தத் தகட எங்க மாத்தறாங்க மேடம்?" என்று கேட்டார். காகிதத்தில் வரைந்து காட்டினேன். பென்சிலை வாங்கி, நான் வரைந்ததை அடித்துவிட்டு, இன்னும் கீழே, இடது கால் பக்கம் போட்டார். "இங்க. கால எடுத்தா ஒடம்பு தானா பீரங்கியப் பாத்து திரும்பும்."

அழிப்பான் கேட்டார். ஆரஞ்சு வாசனையைக் கொடுத்தேன். முகர்ந்துவிட்டு, "இது வேணாம், பழசக் குடுங்க" என்றார்.

மே 31, வெள்ளி

தகடு இடம் மாறிவிட்டது, அவர் வரைந்த இடத்துக்கே. நாளை குழு ஊர் திரும்புகிறது. கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். டென்சிங் உள்ளே, ரிசால்தார் உள்ளே. பரசுராமன் என்னோடு மேலே, குடையின் கீழ், இன்னொரு ஹெட்செட் மாட்டிக்கொண்டு. வலது கை கழுத்திலிருந்து தொங்கிய துணித் தொட்டிலில் இருந்தது.

"லோட்!"

கடிகாரத்தை அழுத்தினேன். உள்ளே கதவு நகரும் சரசரப்பு. உருவும் சத்தம். டென்சிங்கின் இடது கால் எழுந்தது, உடம்பு திரும்பியது, முஷ்டி உள்ளே போனது.

"லோடட்!"

என் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. பரசுராமன் இடது கையைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினார்.

நானும் அழுத்தியிருக்கவில்லை.

டொம்.

7.2 என்று எழுதினேன். ஏழுக்குள் வர இன்னும் கால் விநாடி மிச்சமிருக்கிறது. அதைப் பிறகு குறைப்போம். ஏழாவது கட்டத்தில் ஒரு டிக் போடப் பென்சிலை வைத்தேன். "இருங்க மேடம்" என்று அவர் வாங்கிக்கொண்டு, குனிந்து, இடது கையால் கோணலாகப் போட்டார்.

நாற்பது டொம். அறைக்கு வந்து தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டேன்.